கூலி கேட்கக் கூசாதே தோழா!

– மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்



ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டு சங்கச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்தபோது எங்கள் பெஞ்சில் நாலு பேர் கவிதை தருவதாகச் சொன்னார்கள். நாலும் காதல் கவிதை! எனக்குக் கவிதை வராது. "உனக்கு என்னப்பா தெரியும்?" என்று கேட்டார். "கிரீடம் செய்யத் தெரியும்ணே" என்றேன். வகுப்பே சிரித்தது. "அப்போ அதையே எழுதிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதிவிட்டேன். அன்று சிரித்தவர்கள் கடைசி வரி வரைக்கும் படிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.

நம்மில் பலருக்குப் பாடப் புத்தகத்துக்கு வெளியே ஒரு கைவேலை இருக்கிறது. ஒருவன் வேஷம் கட்டுவான். ஒருத்தி உடை தைப்பாள். ஒருவன் முகத்துக்கு அரிதாரம் பூசினால் கூடப் பிறந்தவனுக்கே அடையாளம் தெரியாது. இதையெல்லாம் நாம் பொழுதுபோக்கு என்கிறோம். இதற்குப் பணம் வாங்கலாமா? வாங்கினால் எப்படி வாங்குவது? வாங்கக் கூடாத இடம் எது? இந்த மூன்று கேள்விக்கும் எனக்குக் கிடைத்த பதிலைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அந்தப் பதிலுக்காக நான் ஒரு அரியர் கொடுத்திருக்கிறேன். ஆகவே இலவச அறிவுரை என்று நினைத்துவிடாதீர்கள்!

குலசையில் தொடங்கியது

வெளி மாவட்டத்திலிருந்து வந்து படிக்கும் நண்பர்களுக்காக ஒரு விளக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கிறது குலசேகரன்பட்டினம். அங்குள்ள முத்தாரம்மன் கோயிலில் நவராத்திரி சமயம் பத்து நாள் தசரா. நேர்ந்துகொண்டவர்கள் விரதம் இருந்து, கோயிலில் கொடியேறியதும் காப்புக் கட்டி, வேஷம் போடுவார்கள். காளி, அனுமன், ராஜா, ராணி, குறவன், குறத்தி, கரடி, போலீஸ், பிச்சைக்காரன் என்று இல்லாத வேஷம் கிடையாது. ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கி, அதைக் கொண்டுவந்து அம்மன் உண்டியலில் சேர்ப்பார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். அதோடு வேஷம் கலையும்.

எங்கள் ஊரிலும் ஒரு தசரா குழு உண்டு. என் சித்தப்பா வருஷா வருஷம் காளி வேஷம் கட்டுவார். எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும்போது ஒருநாள் அவருடைய பழைய கிரீடம் விழுந்து இரண்டாகப் பிளந்துவிட்டது. புதுசு வாங்கக் கையில் காசில்லை. "இத ஒட்டிப் பாருலே மக்கா" என்று என்னிடம் போட்டார். அதைப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஒரு கிரீடத்துக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று தெரிந்தது. உள்ளே கம்பிக்கூடு, அதன் மேல் அட்டை, அதன் மேல் துணி, அதன் மேல் ஜரிகைத் தாள், பாசிமணி, கண்ணாடிக் கல். என் அப்பா கொத்தனார். வீட்டில் கட்டுக்கம்பிக்குப் பஞ்சமில்லை. அந்தக் கம்பியை வளைத்துப் புதுக் கூடு கட்டினேன். சித்தப்பா அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடினார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் பத்தாம் வகுப்பில் பாஸானபோதுகூட வரவில்லை.

அடுத்த வருஷம் மூன்று கிரீடம். அதற்கு அடுத்த வருஷம் எட்டு. பிறகு புஜத்துக்குக் கட்டுவது, மார்புக்குக் கட்டுவது, அனுமனுக்கு வால், காளிக்குப் பின்கைகள் என்று வேலை பெருகியது. காசு? யார் கொடுத்தார்கள்! "நல்லா இருப்பே மக்கா" என்பார்கள். ஒரு டீயும் வடையும் கிடைக்கும். நானும் அதைப் பெருமையாகத்தான் நினைத்தேன்.

டிராயிங் வகுப்பும் கிரீடமும்

பாலிடெக்னிக்கில் சேர்ந்த முதல் வருஷம் டிராயிங் வகுப்பில் ஒருநாள் கூம்பை விரித்து வரையச் சொன்னார்கள். 'டெவலப்மென்ட் ஆஃப் சர்ஃபேசஸ்' பலருக்கும் தூக்கம் வந்த பாடம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அட, இது என் கிரீடமல்லவா!

அதுவரை நான் கண் மதிப்பில்தான் அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கிரீடத்துக்கு மூன்று அட்டை வீணாகும். இப்போது கணக்கு கையில் வந்துவிட்டது. தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்றால் ஆரம் 8.9 செ.மீ. கிரீடத்தின் உயரம் 30 செ.மீ. என்றால் சாய்வு நீளம் 31.3 செ.மீ. 360-ஐ ஆரத்தால் பெருக்கிச் சாய்வு நீளத்தால் வகுத்தால் சுமார் 102 டிகிரி. அந்தக் கோணத்தில் ஒரு விசிறி போல வெட்டிச் சுருட்டினால் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி தலையில் உட்காருகிறது. ஒட்டுவதற்கு மட்டும் ஒரு விரல் அகலம் கூடுதலாக விட வேண்டும். நம் ஊர் தையல்காரர் 'தையலுக்கு விடுவது' என்பார். தகர வேலையில் நாம் 'அலவன்ஸ்' என்கிறோம். பெயர்தான் வேறு, விஷயம் ஒன்றுதான்.

அடுத்து எடை. சித்தப்பாவின் பழைய கிரீடத்தைப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 1 கிலோ 800 கிராம்! அதைத் தலையில் வைத்துக்கொண்டு மேளத்துக்கு மணிக்கணக்கில் ஆடினால் கழுத்து என்னாவது? எடை முழுவதும் முன்பக்கம் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தது. அட்டைக்குப் பதில் ஃபோம் ஷீட், பின்பக்கம் சமன்செய்ய ஒரு சின்னக் கம்பி வளையம், உள்ளே வியர்வையை உறிஞ்சப் பழைய பனியன் துணி. எடை பாதியாகக் குறைந்தது. "தலையில ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்குலே" என்றார் சித்தப்பா. அது கிரீடத்தைப் பற்றிச் சொன்னதுதான், என் தலையைப் பற்றி அல்ல!

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பொழுதுபோக்கும் படிப்பும் எதிரிகள் அல்ல. நாம் படிக்கிற படிப்பு நம் கைவேலையைத் தூக்கிவிடும். அப்படித் தூக்கிவிட்ட பிறகு அது வெறும் பொழுதுபோக்காக இருக்காது. அதற்கு ஒரு விலை வந்துவிடுகிறது. விலை வந்ததை நாம் கவனிப்பதில்லை என்பதுதான் சோகம்.

மணிக்கு ஐந்து ரூபாய்

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு தனியார் பள்ளியில் நவராத்திரி விழா. பன்னிரண்டு பிள்ளைகளுக்கு சாமி வேஷம். தெரிந்தவர் ஒருவர் மூலம் என்னைக் கூப்பிட்டார்கள். "தம்பி, ஒரு கிரீடம் 350 ரூபாய். மொத்தம் 4,200. முடிச்சுக் கொடுத்ததும் வாங்கிக்கோ" என்றார்கள். வாழ்க்கையில் முதல் ஆர்டர்! முன்பணம் கேட்கத் தோன்றவில்லை. எழுதி வாங்கவும் தோன்றவில்லை. அப்பாவிடம்கூட விலை சரியா என்று கேட்கவில்லை. கலைக்கு அப்பாவிடம் போய் விலை கேட்பதா? அவர் செங்கல் அடுக்குகிறவர், நான் கலைஞன். அப்போது என் நினைப்பு அது. இன்றைக்கு எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சாமான் வாங்க அம்மாவிடம் கடன். ராத்திரி ராத்திரியாக வேலை. அதே நேரம் எங்கள் தசரா குழு வேலையும் சேர்ந்துகொண்டது. செமஸ்டர் பரீட்சை வாசலில் வந்து நின்றது. கிரீடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விழா முடிந்தது. பணத்துக்கு நாலு தடவை நடந்தேன். ஐந்தாவது தடவை 3,000 ரூபாய் கொடுத்து, "ரெண்டு கிரீடத்துல கல்லு உதிர்ந்து போச்சு தம்பி, படிக்கிற பையன்தானே, அனுபவம்னு வச்சுக்கோ" என்றார்கள்.

அனுபவம் கிடைத்தது. கூடவே தெர்மல் பாடத்தில் அரியரும் கிடைத்தது.

ரிசல்ட் வந்த அன்று அப்பா திட்டுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருத்தன்தான். அவர் திட்டவில்லை. கை கால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "கணக்கச் சொல்லு" என்றார்.

"எந்தக் கணக்குப்பா?"

"அந்தக் கிரீடக் கணக்குலே. சாமான் எவ்வளவு, எத்தன மணி நேரம் வேல, கையில எவ்வளவு நின்னுது?"

கடை பில்லின் பின்பக்கத்தில் போட்டேன். சாமான் 2,640 ரூபாய். ஒரு கிரீடத்துக்கு ஆறு மணி நேரம், பன்னிரண்டுக்கு 72 மணி நேரம். கைக்கு வந்தது 3,000. மிச்சம் 360. 360-ஐ 72-ஆல் வகுத்தேன். ஐந்து. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து ரூபாய்!

சொன்ன 4,200-ஐ முழுசாகக் கொடுத்திருந்தாலும் மணிக்கு 22 ரூபாய்கூடத் தேறாது. எட்டு மணி நேரத்துக்கு 173 ரூபாய். அப்பாவோடு வேலை பார்க்கும் சித்தாளுக்கு அன்றைக்கு நாள் கூலி 600. அப்பா அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு வாசிக்க வராது, கணக்கு வரும். "ஒனக்கு முழுக் காசு கெடச்சிருந்தாலும் நட்டந்தாம்லே. அவங்க ஏமாத்துனது பெறவு. மொதல்ல நீ ஏமாந்துருக்க" என்றார். பிறகு சொன்னார்: "கூலி பேசாம கரண்டியத் தொடாத. பேசுன பெறவு வேலயக் கொறைக்காத."

அப்பாவின் சட்டம்

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அரியர் ஒரு பக்கம் இருக்கட்டும். வேறொரு விஷயம் குடைந்தது. கூலி வாங்கித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அந்த வீட்டில் பிறந்த எனக்குக் கூலி கேட்க ஏன் கூச்சம் வந்தது?

யோசித்துப் பார்த்தால் பதில் தெரிகிறது. படிக்க வந்ததும் 'கூலி' என்ற சொல்லே நமக்கு இறக்கமாகப் படுகிறது. 'சம்பளம்' என்றால் கௌரவம், 'கூலி' என்றால் கேவலம். அதிலும் கலை என்று வந்துவிட்டால் பணம் பேசுவதே பாவம் என்று ஒரு நினைப்பு. "சும்மா பண்ணேன் மச்சி", "இதுக்குப் போய் காசா?" என்று பெருந்தன்மையாகச் சொல்கிறோம். அப்படிச் சொல்லும்போது நம்மைப் பெரியவர்களாக நினைத்துக்கொள்கிறோம். எதிரில் இருப்பவரோ இந்த வேலைக்கு விலையே இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார். அடுத்து நமக்குப் பின்னால் வருகிறவனுக்கும் அதே விலைதான் கிடைக்கும்.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் காசு கேட்க வேண்டுமா? சித்தப்பா கிரீடத்துக்கும் பில் போடவா? இதற்கும் அப்பாதான் வழி காட்டினார். எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குச் சுற்றுச்சுவர் கட்டியபோது, வேலை தொடங்கும் முன்பே அப்பா ஊர்ப் பெரியவர்களிடம் சொன்னாராம்: "மூணு நாள் என் காணிக்கை. நாலாம் நாள்லேருந்து கூலி." மூன்று நாளும் மற்ற வேலையைவிடச் சுத்தமாகச் செய்தார். நாலாம் நாள் கூலி வாங்கினார். யாருக்கும் வருத்தமில்லை, கோயிலுக்கும் குறைவில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இவ்வளவுதான் தோழர்களே! காணிக்கை வேறு, கூலி வேறு. இரண்டும் நல்லதுதான். ஆனால் எது எது என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். கூலிக்கான வேலையைக் கூச்சத்தால் காணிக்கையாக்கினால் நமக்கு நட்டம். காணிக்கையாகச் செய்துவிட்டுப் பிறகு "ஒண்ணும் தரலையே" என்று புழுங்கினால் அது காணிக்கையும் அல்ல.

மூன்று பேர் கதை

இது நம்மூரோடு முடிகிற கதை இல்லை. 1939-ல் அமெரிக்காவில் நியூயார்க் நகரில் முதல் உலக அறிவியல் புனைகதை மாநாடு நடந்தது. அதற்கு இரண்டு ரசிகர்கள் எதிர்கால மனிதர்கள் போல உடை அணிந்து வந்தார்கள். ஒருவர் ஃபாரஸ்ட் அக்கர்மேன், இன்னொருவர் மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண். இரண்டு உடையையும் தைத்தவர் அந்தப் பெண்தான். இன்றைக்குக் 'காஸ்ப்ளே' என்று இளைஞர்கள் கொண்டாடுகிறார்களே, அதற்கு முன்னோடி என்று இவரைச் சொல்கிறார்கள். அவருக்கு அது கடைசிவரை ஆசையின் வேலைதான். அதிலும் ஒரு நிறைவு உண்டு, மறுப்பதற்கில்லை.

இரண்டாவது ஆள், இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் மோலோ. சின்ன வயதிலிருந்தே ராணுவச் சீருடைகள் மீது அவருக்குப் பைத்தியம். எந்தப் படைக்கு எந்தப் பொத்தான், எந்தக் காலத்தில் எந்தத் தொப்பி என்று தேடித் தேடிப் படித்து, அது பற்றிப் புத்தகங்களே எழுதினார். அந்த அறிவுக்காகவே 1968-ல் வந்த ஒரு போர்ப் படத்துக்கு ஆலோசகராக அழைத்தார்கள். பிறகு 1977-ல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு உடை வடிவமைத்து ஆஸ்கர் விருது வாங்கினார். பொழுதுபோக்காகச் சேர்த்த அறிவு பிழைப்பாகவும் புகழாகவும் மாறியது.

மூன்றாமவர் நம் நாட்டுக்காரர், கோலாப்பூரில் பிறந்த பானு அதையா. மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் ஓவியம் படித்தவர். பத்திரிகைக்கு உடைப் படங்கள் வரைந்துகொண்டிருந்தார். அந்தப் பத்திரிகை ஆசிரியர் ஒரு உடைக் கடை தொடங்கியபோது, வரைவதைத் தைத்தும் பார் என்றார். கடைக்கு வந்த நடிகைகள் மூலம் சினிமாவுக்குப் போனார். 1956-ல் 'சி.ஐ.டி.' என்ற இந்திப் படம். 1983-ல் 'காந்தி' படத்துக்காக ஆஸ்கர் விருது. ஆஸ்கர் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். அந்த விருதை அவரோடு பகிர்ந்துகொண்டவர் யார் தெரியுமா? மேலே சொன்ன அதே ஜான் மோலோ!

ஒருவர் ஆசையில் நின்றார். இன்னொருவர் ஆசையில் தொடங்கிப் பிழைப்புக்கு வந்தார். மூன்றாமவர் கற்ற வித்தையை வேறு வேலைக்குத் திருப்பினார். மூன்றும் வழிதான். எது நம் வழி என்று நாமே தீர்மானிக்க வேண்டும், அவ்வளவுதான்.

விலை போடுவது எப்படி?

சிவில் துறை நண்பர்கள் 'எஸ்டிமேட்டிங்' படிக்கிறார்கள். நாங்களும் செலவுக் கணக்கு படிக்கிறோம். ஆனால் அது பரீட்சைத் தாளோடு நின்றுவிடுகிறது. என் கிரீடத்துக்கு அதை இப்படிப் போட்டேன்.

சாமான் 220 ரூபாய். வேலை ஆறு மணி நேரம், சித்தாள் கூலி அளவில் மணிக்கு 75 என்றால் 450. கரண்டு, பிளேடு, பசைத் துப்பாக்கித் தேய்மானம் 40. கெட்டுப்போகிறதற்கும் லாபத்துக்கும் சேர்த்து 90. ஆக மொத்தம் 800 ரூபாய்.

"கடையில இதைவிட மலிவா கிடைக்குதே, 800-க்கு எவன் வாங்குவான்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அச்சில் வார்த்து ஆயிரக்கணக்கில் வருகிற கிரீடத்தோடு நாம் விலையில் போட்டி போட முடியாது, போடவும் கூடாது. கடைக் கிரீடம் யார் தலைக்கும் அளவெடுத்தது அல்ல. அது உடைந்தால் ஒட்டிக்கொடுக்க ஆள் கிடையாது. நம்மிடம் அளவு உண்டு, எடைக்குறைவு உண்டு, பழுது பார்ப்பதும் உண்டு. அதற்குத்தான் விலை.

விற்பதைவிட வாடகை மேல் என்பதும் நான் கற்ற பாடம். பள்ளி விழாவுக்கு ஒரு ராத்திரிக்குத்தான் உடை வேண்டும். 800 ரூபாய் கிரீடத்தை 100 ரூபாய் வாடகைக்கு எட்டுத் தடவை விட்டால் போட்ட முதல் வந்துவிடும். ஒன்பதாவதிலிருந்து மிச்சம்தான். ஊருக்கு ஊர் நாடக உடை வாடகைக் கடைகள் தலைமுறையாக நடப்பது இந்தக் கணக்கில்தான்.

இன்னும் மூன்று விதிகள் வைத்திருக்கிறேன். சாமான் செலவு முழுவதும் முன்பணமாக வர வேண்டும். என்ன செய்கிறேன், எந்தத் தேதி, எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பரீட்சைக்கு முந்தைய மூன்று வாரம் ஆர்டர் கிடையாது. இதைச் சொன்னால் ஆள் ஓடிவிடுவார் என்று பயந்தேன். சிலர் ஓடத்தான் செய்தார்கள். நின்றவர்கள் நல்லவர்கள். கடந்த தசராவுக்கு ஏழே ஏழு ஆர்டர்தான் எடுத்தேன். சாமான் போகக் கையில் நின்றது 4,060 ரூபாய். அரியரை ஏப்ரலிலேயே எழுதித் தள்ளிவிட்டேன். அம்மாவின் கடனும் தீர்ந்தது. எட்டாவதாக ஒரு கிரீடமும் செய்தேன். அது சித்தப்பாவுக்கு. அது காணிக்கை.

காசு வாங்கினால் பொறுப்பும் வரும்

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சும்மா செய்யும்போது தப்பு வந்தால் "பையன் ஆசையா செஞ்சான்" என்று விட்டுவிடுவார்கள். காசு வாங்கிவிட்டால் அந்தச் சலுகை இல்லை. காளி வேஷம் கட்டுகிறவர்களில் பலர் தீச்சட்டி ஏந்துகிறார்கள். நாம் வைக்கும் நைலான் சடைமுடி தீயைக் கண்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். தெர்மாக்கோலும் அப்படியே. தீச்சட்டி எடுப்பவருக்கு முன்பக்கம் தொங்கும் செயற்கை முடி வேண்டாம் என்று சொல்ல வேண்டியது செய்கிறவனின் கடமை. அதே போல ஒட்டும் பசையின் நெடியை அடைத்த அறைக்குள் ராத்திரி முழுக்க மோந்துகொண்டு வேலை செய்யாதீர்கள். நான் செய்து தலைவலியில் கிடந்திருக்கிறேன்.

2024 பிப்ரவரியில் சென்னையில் முதல்முறையாகக் காமிக் கான் விழா நடந்தது. அதன் பிறகு காமிக்ஸ், சினிமா நாயகர்களின் உடை கேட்டும் சிலர் வருகிறார்கள். புராண வேஷம் யாருக்கும் தனிச் சொத்து அல்ல. ஆனால் இந்தப் புது நாயகர்களின் உருவத்துக்கு உரிமைக்காரர்கள் உண்டு. 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆகவே அடுத்தவர் உருவத்தைச் செய்து கடை விரிக்கும் முன் விசாரிக்க வேண்டும். நம்முடைய சொந்த வடிவங்களில் கை வைப்பது என்றைக்கும் நல்லது.

ஆசையும் கொஞ்சம் தேயும். ஏழாவது கிரீடத்துக்குக் கல் ஒட்டும்போது முதல் கிரீடத்தின் சந்தோஷம் இருக்காது. பொய் சொல்ல மாட்டேன். அதனால்தான் வருஷத்துக்கு ஒன்றாவது காசில்லாமல், நம் இஷ்டத்துக்குச் செய்ய வேண்டும் என்கிறேன்.

"இதுக்கா டிப்ளமா?"

இதைக் கேட்காத சொந்தக்காரர் இல்லை. "கொத்தனார் மகன் இன்ஜினியர் ஆவான்னு பார்த்தா, அட்டை ஒட்டிக்கிட்டு இருக்கான்!" கேட்பவர்களுக்கு என் பதில் இது. நான் கேம்பஸ் இன்டர்வியூவுக்கும் போவேன். வேலை கிடைத்தால் சேருவேன். கிரீடம் செய்து மட்டும் ஒரு குடும்பம் நடத்த முடியும் என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது. தசரா வருஷத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. மூன்று வருஷம் வரவு செலவு எழுதிப் பார்த்துவிட்டு, அந்த நோட்டு என்ன சொல்கிறதோ அதன்படி முடிவெடுப்பேன். பேச்சை நம்பியோ ஆசையை நம்பியோ அல்ல.

ஆனால் கைவேலை கேவலம் என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். லேத்தில் நின்று கடைவதும் கைவேலைதான். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பார்க்கிற நாம், ஒரு கிரீடத்தின் கோணம் பார்ப்பதில் என்ன குறைந்துபோகிறோம்?

சங்கத்துக்கு மூன்று கோரிக்கைகள்

கடைசியாக நம் சங்கத்துக்கு. ஒவ்வொரு வருஷமும் கல்லூரி விழாவுக்கு நாடக உடையை வெளியிலிருந்து வாடகைக்கு எடுக்கிறோம். கடைக்காரருக்கு ரூபாயாகக் கொடுக்கிறோம். அதே விழாவுக்கு மேடை ஜோடனை, முகமூடி, கிரீடம், மேக்கப் எல்லாம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு என்ன கொடுக்கிறோம்? "தேங்க்ஸ் மச்சி!" யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நானும் அந்தத் தேங்க்ஸை வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டியவன்தான்.

ஒன்று: அடுத்த விழாவிலிருந்து, செய்கிற மாணவருக்குச் சாமான் செலவும், பேசி முடித்த ஒரு கூலியும் சங்க நிதியிலிருந்து தர வேண்டும். காணிக்கையாகச் செய்ய விரும்புகிறவர் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இரண்டு: செய்த உடைகளைப் போட்டு வைக்க ஒரு பீரோ வேண்டும். இப்போது விழா முடிந்ததும் எல்லாம் குப்பைக்குப் போகிறது. பத்திரப்படுத்தினால் பக்கத்துப் பள்ளிகளுக்கு வாடகைக்கு விடலாம். சங்கத்துக்கும் வருமானம், செய்தவருக்கும் பங்கு.

மூன்று: மாதம் ஒரு சாயங்காலம், செலவுக் கணக்கு போடுவதை நம் ஆசிரியர்களைக் கொண்டே சொல்லித்தர வேண்டும். உத்யம் பதிவை இணையத்தில் பைசா செலவில்லாமல் செய்யலாம் என்பதும், மாவட்டத் தொழில் மையத்தில் போய் என்ன கேட்கலாம் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே போன வருஷம் வரை தெரியாது.

தோழர்களே! தோழியரே! உங்களில் தையல் தெரிந்தவர் இருப்பீர்கள். மருதாணி போடுகிறவர், பறை அடிக்கிறவர், பானர் எழுதுகிறவர் இருப்பீர்கள். அடுத்த தடவை யாராவது வந்து "ஒரு சின்ன வேலைதான், பண்ணிக் குடேன்" என்று கேட்டால், உடனே தலையாட்டாதீர்கள். இது காணிக்கையா, கூலியா என்று உங்களையே ஒருமுறை கேளுங்கள். காணிக்கை என்றால் முகம் சுளிக்காமல் செய்யுங்கள். கூலி என்றால் தலை நிமிர்ந்து, தொகையைச் சொல்லுங்கள்.

எங்கள் அப்பாவுக்கு இந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இத எழுதுனதுக்கு எவ்வளவு தாராங்க?"

"ஒண்ணுமில்லப்பா. இது காணிக்கை."

"மொதல்லயே சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்பா."

"அப்பஞ் சரி."